முற்றா, எச்சமா? ‘விடாது கருப்பு’, ‘மணிச்சித்திரத்தாழ்’: மர்மக் காட்சிக்கதைகளும் சாலைத் தமிழும்

மர்மத்தொடர் ஒன்று தன் புதிரை அவிழ்த்த பின்னர் அதனைப் பற்றிய ஊகங்களும் ஓய்ந்துவிட வேண்டும். குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டது, காரணமும் கூறப்பட்டுவிட்டது, இனிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது? ஆயினும் 1990களில் தென்னாட்டில் தோன்றிய இரு படைப்புகள் இவ்வெதிர்பார்ப்பைப் பொய்யாக்கியுள்ளன. ஒன்று, சன் தொலைக்காட்சியில் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் ஒளிபரப்பான ‘மர்மதேசம்’ வரிசையைச் சேர்ந்த ‘விடாது கருப்பு’. மற்றொன்று, 1993 டிசம்பரில் வெளியான மலையாளத் திரைப்படமான ‘மணிச்சித்திரத்தாழ்’. பின்னது திரைப்படமே எனினும், அது தலைமுறை கடந்து நிலைபெற்றதில் திரும்பத் திரும்ப நிகழ்ந்த தொலைக்காட்சி ஒளிபரப்புக்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டிலும் பேயா, தெய்வமா, மனிதரா என்ற ஐயம் எழுப்பப்படுகிறது. இரண்டிலும் விடையை உளமருத்துவம் தருகிறது. இரண்டிலும் அவ்விடையை ஏற்றுக்கொண்ட பார்வையாளரே அதன் பின்னும் ஊகிப்பதை நிறுத்தவில்லை.

இதனைப் பகுத்தறிவுக் குறை என்று தள்ளிவிடுவது எளிது. வெகுசன ஊடகங்களைப் பற்றிய கல்விப்புல ஆய்வுகள் பலவும் இவ்வெளிய வழியையே மேற்கொள்கின்றன. மருத்துவ விடை தொடாமல் விட்ட ஒன்றை அவ்வூகங்கள் பற்றிக்கொண்டிருக்கின்றன என்பதும், அந்த ஒன்று கதை நிகழ்ச்சிகளில் அன்றி மொழியில் தங்கியிருக்கிறது என்பதுமே இவண் முன்வைக்கப்படும் கருத்து.

இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு ஏற்ற நிலைக்களம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருப்பெற்ற இக்கடைத்தெரு, பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கே, கோட்டைக்கு வெளியே நீண்டு கிடக்கிறது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் தமிழ்க் காட்சியையும் மலையாளக் காட்சியையும் எழுத்துப்பெயர்ப்பின் துணையின்றி நேராகப் பெறும் இடம் இது. தமிழகத்தில் ‘மணிச்சித்திரத்தாழ்’ பிறமொழிப் படம். கேரளத்தின் வடபகுதியில் ‘விடாது கருப்பு’ அயல்மொழித் தொடர். சாலையில் இரண்டுமே வீட்டுக்கதைகள்.

கருப்பனும் கருப்பும்

இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை நாகா இயக்க, மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த தொடர் ‘விடாது கருப்பு’. தோட்டக்காரமங்கலம் என்னும் கற்பனைச் சிற்றூரில் குற்றம் இழைப்போர் கொல்லப்படுகின்றனர். குதிரையேறி வரும் காவல் தெய்வமான கருப்பசாமியே தண்டிக்கிறது என ஊர் நம்புகிறது. ஒருபுறம் கருப்பின் கதைகளுக்கிடையே வளரும் ஒரு சிறுவனின் காலம். மறுபுறம் ஆண்டுகள் பல கடந்த பிந்தைய காலம். இவ்விரு காலங்களையும் மாறிமாறிக் காட்டிச் செல்லும் அமைப்பு அன்றைய தமிழ்த் தொலைக்காட்சிக்குப் புதுமை. இறுதியில் கிடைக்கும் விடை, ஓர் உடலில் இரண்டு ஆளுமைகள் குடியிருக்கும் மனப்பிளவு. அவ்வுடல் யாருடையது என்பது இக்கட்டுரைக்கு இன்றியமையாதது அன்று. தொடரை இனிப் பார்க்கவிருப்போர் அதனைத் தாமே கண்டுகொள்வது நலம்.

தொடர் வாரத்துக்கு ஒருமுறையே வந்தது என்பதைச் சிறு செய்தியாகக் கருதலாகாது. இரு பகுதிகளுக்கு இடைப்பட்ட நாட்கள் ஊகத்திற்குரிய நாட்கள். நாள்தோறும் வரும் தொடரில் ஐயம் முளைவிடுமுன் அடுத்த பகுதி வந்து அதனை மிதித்துவிடும். பார்வையாளர் முன் மூன்று வழிகள் இருந்தன. தெய்வமே வருகிறது என்பது ஒன்று. தெய்வத்தின் வேடத்தில் மனிதர் ஒருவர் வருகிறார் என்பது மற்றொன்று. மூன்றாவது சற்று நுட்பமானது: வருவது எதுவாயினும், அது வருவதை ஊர் விரும்புகிறது. தொடரின் முடிவு முதலாவதை மறுத்து இரண்டாவதை மெய்ப்பித்தது. மூன்றாவதைப் பற்றி அது பேசவில்லை.

இந்த மூன்றாவது வழியை முடிவைக் காட்டிலும் தலைப்பே திறந்துவைக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய மூல நாவலின் பெயர் ‘விட்டுவிடு கருப்பா’. தொலைக்காட்சிக்கு வந்தபோது அது ‘விடாது கருப்பு’ ஆயிற்று. விளம்பரக் கவர்ச்சிக்காகச் செய்த மாற்றம் என இதனைக் கடந்துவிடுதல் கூடாது. முன்னதில் ‘கருப்பா’ என்பது உயர்திணை விளி. ‘விட்டுவிடு’ என்பது முன்னிலை ஏவல். அஞ்சிய ஒருவர் தம் முன் நிற்கும் தெய்வத்தை நோக்கி இரக்கிறார். பின்னதில் விளி இல்லை, முன்னிலையும் இல்லை. ‘விடாது’ என்பது அஃறிணை ஒன்றன்பால் எதிர்மறை. கருப்பன் எனின் ‘விடான்’ என்றோ ‘விடமாட்டார்’ என்றோ வரவேண்டும். ஆண்தெய்வம் ஒன்று அஃறிணை வினையை ஏற்றிருக்கிறது.

இதனால் தெய்வம் தாழ்த்தப்பட்டது என்று கொள்ளவும் இயலாது. நாட்டார் வழக்கில் ‘சாமி வந்தது’, ‘சாமி கேட்கிறது’ என்றே கூறுவர். அச்சத்திற்கும் வழிபாட்டிற்கும் உரிய பொருளைப் பாலும் திணையும் கடந்து நிறுத்தும் பேச்சுவழக்கு அது. ‘காற்றுக் கருப்பு’ என்னும்போது அதே சொல் தீய ஆவியைக் குறிக்கிறது. கருப்பு என்பதற்குப் பஞ்சம் என்ற பொருளையும் அகராதி தருகிறது. வல்லின றகரத்தோடு எழுதப்பெறும் கறுப்பு, நிறத்தோடு சினத்தையும் உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியல் தரும் செய்தி. ஆகவே ‘விடாது கருப்பு’ என்று கேட்ட செவி, விடாதது தெய்வமா, ஆவியா, வறுமையா, ஊரின் சினமா என்று பிரித்தறிய வேண்டியதில்லை. நான்கும் அதில் உண்டு.

இன்னொரு நுட்பமும் உளது. ‘விடாது’ என்பது முற்றாகவும் வரும், எச்சமாகவும் வரும். ‘கருப்பு விடாது’ என்பதன் மாற்றுவரிசையாகக் கொண்டால் அது வினைமுற்று, தொடர் நிறைவுற்றது. ‘விடாது பெய்தது’ என்பதில் போலக் கொண்டால் அது எதிர்மறை வினையெச்சம். ‘விடாது கருப்பு…’ என்றபின் ஒரு வினை வரவேண்டும், வரவில்லை. மேலும் இவ்வெதிர்மறைச் சொல் காலங்காட்டும் இடைநிலை பெறாதது, முக்காலத்துக்கும் பொதுவானது. சிறுவனின் காலமும் பிந்தைய காலமும் ஒன்றையொன்று ஊடறுக்கும் தொடர் ஒன்றிற்குக் காலங்காட்டாத வினையே பெயராக அமைந்தது. படைப்பாளர் இதனை எண்ணிச் செய்தாரா என்ற வினா தேவையற்றது. மொழி தன் வேலையைச் செய்துவிட்டது. தொடர் முடிந்த பின் ‘விடாது கருப்பு’ என்பது தொல்லை ஒன்று ஓயாது பின்தொடர்வதைச் சொல்லும் அன்றாட வழக்காக மாறி, தொடரைப் பார்த்திராதவர் நாவிலும் வழங்குவது அதன் எச்சத்தன்மைக்குச் சான்று. எந்த வினையும் அதன் பின்னே வந்து பொருந்திக்கொள்கிறது.

உளமருத்துவ விடை முற்று. ஊர் எச்சம். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குக் கதவுகளே வழிபாட்டுக்குரியவை; அடைத்த அக்கதவுகளின் முன் நின்று சத்தியம் செய்வதும் வழக்குத் தீர்ப்பதும் நெடுங்கால வழக்கம். தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஆய்வைப் படித்தோர்க்கு, இத்தகைய கோயில்கள் அவற்றைச் சூழ்ந்த மக்களின் சமூக உறவுகளோடு எத்துணை பிணைந்தவை என்பது விளங்கும். கருப்பு நீதிமன்றம் எட்டாத இடத்து நீதிமன்றம். தோட்டக்காரமங்கலத்தில் கொல்லப்படுவோர் தீயோராக இருப்பதனால் ஊர் கொலையாளியைத் தேடவில்லை. தேட விரும்பவும் இல்லை. தெய்வம் செய்தது என்ற நம்பிக்கையே கொலைக்குக் கிடைத்த சாட்சியமும் காப்பும் ஆகிறது. இக்கூட்டு உடன்பாட்டை ஒரு தனிமனித மூளையின் பிளவாகச் சுருக்கியபோது தொடர் தன் வலிமையான வினாவைக் கைவிட்டது என்றே கூறவேண்டும். நோயாளி குணமாகலாம், நோயால் பயன்பெற்ற ஊருக்கு என்ன மருந்து? ‘கருப்பு உண்மையிலேயே இருக்கிறது’ என்று இன்றும் வாதிடும் பார்வையாளர் அறிவியலை மறுக்கிறார் என்பதைவிட, நீதி தனியொருவரின் நோயாக முடிந்துபோவதை மறுக்கிறார் எனல் பொருந்தும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1990–91இல் வந்த ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஓர் இளம்பெண்ணின் கொலையில் தொடங்கிய அத்தொடர், ஒளிபரப்பு நிறுவனத்தின் வற்புறுத்தலால் கொலையாளியை இரண்டாம் பருவத்தின் இடையிலேயே வெளிப்படுத்தியது. பின்னர்ப் பார்வையாளர் குறைந்து நின்றும் போனது. அங்கும் விடை ஆவியா, மனிதனா என்ற இருமையிலேயே வைக்கப்பட்டிருந்தது. அங்கு விடை வெளிப்பட்டதும் வினா தளர்ந்தது. ‘விடாது கருப்பு’க்கு அவ்வாறு நேரவில்லை, வினாவைத் தாங்குவதற்குக் கதைக்கு வெளியே ஒரு வழிபாட்டு மரபும் ஒரு மொழிவழக்கும் இருந்தன.

பேயின் மொழி

பாசில் இயக்கத்தில் மது முட்டம் எழுதிய ‘மணிச்சித்திரத்தாழ்’ அமைப்பு நேர்த்தியில் மேற்குறித்த தொடரினும் மேலானது. தறவாட்டு வீட்டின் பூட்டப்பட்ட தெற்குக்கட்டில், சங்கரன் தம்பியால் கொல்லப்பட்ட நாகவல்லி என்னும் தஞ்சை ஆடல்மகளின் ஆவி உறைவதாகக் கதை வழங்குகிறது. நகுலனின் மனைவி கங்கா அப்பூட்டைத் திறக்கச் செய்கிறாள். அதன்பின் வீட்டில் விபரீதங்கள் நிகழ்கின்றன. மருத்துவர் சன்னி, கங்காவே தன்னை அறியாமல் நாகவல்லியாக மாறுகிறாள் எனக் காண்கிறார். (திருவனந்தபுரத்துத் தமிழ் வாசகர்க்கு நகுலன் என்னும் பெயர் வேறொருவரை, டி.கே. துரைசாமியை, நினைவூட்டும். தற்செயலே எனினும், ‘தான்’ என்பதன் பிளவுகளை எழுதிய அவர் பெயர் இக்கதைக்குள் வந்து நிற்பது சுவையானது.)

படத்தின் முற்பகுதி பார்வையாளரை ஒரு பிழையான ஊகத்துக்கு அழைத்துச் செல்கிறது. ஐயம் முழுதும் ஸ்ரீதேவி என்னும் பெண்மேல் குவிக்கப்படுகிறது. செவ்வாய்த் தோஷம் உடையவள், மணவாழ்வு நிலைக்காதவள், தனித்திருப்பவள். அவளைக் குற்றவாளியாகக் கருதப் படம் தரும் சான்றுகள் மிகச் சில; எஞ்சியவற்றைப் பார்வையாளரின் மனத்திலுள்ள முற்சாய்வே நிரப்பிக்கொள்கிறது. உண்மை வெளிப்படும்போது திகைப்போடு ஒரு கூச்சமும் தோன்றவேண்டும். கங்காவின்மேல் ஐயம் எழாமைக்குக் காரணம், அவள் படித்தவள், நகரத்திலிருந்து வந்தவள், அன்பான கணவனை உடையவள் என்பதே. ஊகம் என்பது அறிவின் விளையாட்டு மட்டுமன்று. யாரை ஐயுறலாம் என்று சமூகம் முன்னமே எழுதிவைத்த பட்டியலும் அதில் உண்டு. மர்மக்கதைகளைப் பற்றிய தமிழ் ஆய்வுகளில் இக்கூறு போதிய இடம் பெறவில்லை.

விடை தெரிந்த பின்னும் பார்வையாளர் பேசும் ஐயங்களுள் தலையாயது: கங்காவுக்கு அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது? ஆடல் எங்கிருந்து வந்தது? கதை கேட்டும், பூட்டிய அறையின் அணிகலன்களைக் கண்டும் ஒருத்தி தன்னை வேறொருத்தியாகக் கற்பித்துக்கொள்ளலாம். ஒரு மொழியைச் சினமும் அழுகையும் ஏற இறங்கப் பேசுவது அவ்வாறு கைகூடுமா? இவ்வினாவில் படம் நெடிது தங்குவதில்லை. ஆகவே ‘உண்மையில் ஆவிதான்’ என்போர் இங்கேதான் காலூன்றுகின்றனர். நிகழ்ச்சிகளின் சான்றால் நோக்கின் அவர்தம் வாதம் வலுவற்றது; ஒவ்வொரு விபரீதத்துக்கும் கங்காவின் கையைப் படம் காட்டிவிடுகிறது. ஆனால் மொழிச் சான்றை அவர்களே சரியாகக் கண்டனர். மருத்துவம் விளக்காமல் விட்டது தமிழை.

மலையாளப் படத்தில் பகலில் மலையாளமும் இரவில் தமிழும் பேசும் பெண் எதைக் குறிக்கிறாள்? இக்கதையின் மறு ஆக்கங்களை நிரல்பட நோக்கினால் விடை புலப்படும். 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாக வந்தபோது ஆவி தெலுங்கைப் பற்றிக்கொண்டது. 2005இல் பி. வாசு தமிழில் ‘சந்திரமுகி’யாக எடுத்தபோதும் அவ்வாறே, தமிழ் பேசிய நாகவல்லி, தமிழ்ப்படத்தில் தெலுங்கு பேசும் சந்திரமுகி ஆனாள். 2007இல் இந்தியில் ‘பூல் புலையா’ வந்தபோது வங்கத்து ஆடல்மகள் வந்தாள். அடக்கப்பட்டவளின் குரல் எம்மொழியிலும் தன்மொழியாக இல்லை, எப்போதும் அயல்மொழி. தமிழன் திரையில் தமிழ் வீட்டுமொழி, ஆகவே அதற்கு அச்சுறுத்தும் ஆற்றல் இல்லை. தெலுங்கைக் கடன் வாங்கவேண்டியிருந்தது. வெகுமக்கள் கலை தன் அச்சங்களை அண்டை வீட்டின் மொழியில்தான் பேசவைக்கிறது.

இதனால் ‘மணிச்சித்திரத்தாழ்’ தமிழை இழிவுசெய்தது என்று முடிவுகட்டுவது பிழை. நாகவல்லியின் தமிழே படத்தின் உச்சம்; ஷோபனாவுக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த நடிப்பு அதன்மேல் நிற்கிறது. ஆனால் அது எத்தகைய தமிழ் என்பதைக் கருதவேண்டும். அது ஆடலும் காதலும் பழிவாங்கலும் மட்டுமே உடைய தமிழ். அதில் கணக்கு இல்லை, விலை இல்லை, நலம் உசாவுதல் இல்லை. சாலைக் கடைத்தெருவின் தமிழோ முழுக்கப் பகல்மொழி. அங்கேயே நெடுங்காலம் கடை நடத்திய ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளில் வழங்கும் மொழி, மலையாளச் சொற்களைத் தன்னுள் இயல்பாக ஏற்று, சுமைதூக்குவோரும் சில்லறை வணிகரும் பேரம் பேசவும் ஏசவும் இரங்கவும் பயன்படுத்தும் தமிழ். அத்தெருவின் குடும்பங்களுக்கு, தம் வீட்டு மொழி திரையில் பேயின் மொழியாக ஒலிப்பது வெறும் கலையனுபவமாக மட்டும் நின்றிருக்க இயலாது. ‘பாண்டி’ என்னும் சொல் தமிழரைக் குறிக்கும் எள்ளற்சொல்லாகவும் வழங்கும் நகரில், தமிழ் பேசும் பெண்ணைக் கண்டு அரங்கம் உறைந்துபோவதில் ஒருவகைப் பெருமிதமும் ஒருவகை அயன்மையும் ஒருங்கே உண்டு. எள்ளப்படும் மொழி அஞ்சப்படும் மொழியாகவும் மாறுவது அதற்குக் கிடைத்த ஏற்றமா என்பது எளிதில் தீர்க்கக்கூடிய வினா அன்று.

கங்காவுக்குத் தமிழ் எவ்வாறு வந்தது என்பதற்குத் திருவிதாங்கூர் வரலாறு ஒரு விடை தருகிறது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் முதல் நாள் வரை கேரளத்தின் முன்னோடியான அரசுப் பகுதியில் இருந்தவை. படத்தின் காட்சிகள் சில எடுக்கப்பெற்ற பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது இன்று தமிழ்நாட்டு மண்ணில். அதனைப் பேணுவது கேரள அரசு. சுவாதித் திருநாள் அவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு இருந்தார். அம்மன்னர் காலத்தில் சுகந்தவல்லி என்னும் தஞ்சை ஆடற்கலைஞர் திருவனந்தபுரத்துக்கு வந்து வாழ்ந்தார். ‘தஞ்சாவூர் அம்மவீடு’ என்னும் வீட்டுப்பெயர் கோட்டைப் பகுதியில் அதனை நினைவூட்டுகிறது. தஞ்சை ஆடல்மகள் ஒருத்தி மலையாள வீட்டில் வாழ்ந்த கதை, ஆகவே, வெறுங்கற்பனையில் முளைத்ததன்று. இது நாகவல்லிக்கு ‘மூலம்’ கண்டுபிடிக்கும் முயற்சி எனக் கொள்ளற்க; அவ்வாறு கூறச் சான்று இல்லை. மலையாள நாட்டின் நினைவில் தமிழ் புறத்திலிருந்து வந்த ஆவியன்று, பூட்டிவைக்கப்பட்ட அறை என்பதையே இவை உணர்த்துகின்றன. படத்தின் பெயரிலுள்ள ‘தாழ்’ இரு மொழிக்கும் பொதுச்சொல் என்பதும் நினைக்கத்தக்கது.

மருந்தும் கொடையும்

சன்னியின் மருத்துவம் இங்கு நுணுகி நோக்கத்தக்கது. அவர் நாகவல்லியை இல்லையென்று மறுத்துக் குணப்படுத்தவில்லை. மந்திரவாதச் சடங்கையே அரங்காக அமைத்து, சுழலும் பலகையில் நகுலனை அகற்றிப் பொம்மையை வைத்து, சங்கரன் தம்பியை வெட்டிவிட்டதாக அவளை நம்பச் செய்கிறார். பழி தீர்ந்தது, நாகவல்லி நீங்கினாள்.

தென்குமரியில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தோர்க்கு இது பழகிய வடிவம். நாஞ்சில் நாட்டு நாட்டார் தெய்வங்களுள் பல, அநீதியாகக் கொலையுண்டு தெய்வமானவை. கள்ளியங்காட்டு நீலி கதை அவற்றுள் பெயர்பெற்றது. கொடைவிழாவில் அக்கொலை மீண்டும் பாடப்படுகிறது. தெய்வம் ஒருவர்மேல் இறங்குகிறது. கேட்டது தரப்பட்டபின் அடங்குகிறது. கொலையுண்டவருக்கு ஊர் பட்ட கடன் ஆண்டுதோறும் ஒப்புக்கொள்ளப்படுகிறது என்பதே கொடையின் உட்பொருள். சன்னி செய்தது மருந்தாகவும் கொடையாகவும் ஒருங்கே அமைந்தது. ‘மணிச்சித்திரத்தாழ்’ முடிவு நிறைவளிப்பதும் ‘விடாது கருப்பு’ முடிவு எச்சமாய் நிற்பதும் இதனாலேயே. முன்னதில் கொலையுண்ட பெண்ணுக்கு, பொம்மையளவிலேனும், ஒரு பலி கொடுக்கப்பட்டது. பின்னதில் நோய்ப்பெயர் மட்டுமே தரப்பட்டது.

எனினும் ஒரு கடன் இருவரிடத்தும் நிற்கிறது. கொடை ஆண்டுதோறும் நிகழ்வது; ஒருமுறை செய்து முடித்துவிடுவதன்று. நீங்கிய நாகவல்லி எங்கே போனாள்? கங்கா நலமடைந்தாள்; தமிழ் என்ன ஆயிற்று? படத்தில் பிறகு அது கேட்பதில்லை. மறு ஆக்கங்களும், தொடர்ச்சி என்னும் பெயரில் வந்த படங்களும் அவளை மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டிருப்பது வணிகம் கருதியே ஆயினும், ஆண்டுக்கொடையின் வடிவை அவை அறியாமலே ஒத்திருக்கின்றன. 2024 ஆகஸ்டில் ‘மணிச்சித்திரத்தாழ்’ புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தபோது, விடையை ஒவ்வொரு காட்சியாக அறிந்த மக்களே அதனைப் பார்க்கச் சென்றனர்.

ஊகத்தின் ஒழுங்கு

இவ்வாறு கூறுவதால் எல்லா ஊகங்களும் சமம் என்று ஆகாது. ஊகத்துக்கும் ஒழுங்கு உண்டு. அதனைக் கற்பதற்குச் சாலையைக் காட்டிலும் சிறந்த இடம் தமிழ் ஆய்வுலகில் இல்லை. தெருவின் பெயரோடு உறவுடைய புதிர் ஒன்று நூறாண்டுக்கு மேலாக அங்குக் கிடக்கிறது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி காந்தளூர்ச்சாலையில் அவன் ‘கலமறுத்த’தாகக் கூறுகிறது. அக்காந்தளூர் இன்றைய வலியசாலைப் பகுதியே என்பர் பெரும்பாலோர். கலம் என்பதை மரக்கலமாகக் கொண்டு, சேரர் கப்பற்படையை அழித்தான் என்றனர் ஒருசாரார். உண்கலமாகக் கொண்டு சாலை என்பது உணவு வழங்கிய அறச்சாலை என்றனர் வேறு சிலர். வழக்குத் தீர்த்தான் எனக் கொண்டோரும் உளர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதனைப் பற்றித் தனியே எழுதினார். ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவபுரச் செப்பேடு, கி.பி. 866இல் 95 சட்டர்க்கு அமைக்கப்பட்ட சாலை காந்தளூர் முறையைப் பின்பற்றியது எனக் குறிப்பதால், காந்தளூர்ச்சாலை கல்விநிலையம் என்ற கருத்து வலுப்பெற்றது. ஒரு சொல்லுக்குப் பொருள் காண மற்றொரு சான்று உதவிக்கு வந்தது. கற்பனை சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

தொடர்களைப் பற்றிய ஊகங்களையும் இவ்வாறே அளக்கலாம். ஸ்ரீதேவியை ஐயுற்ற ஊகம் முற்சாய்வுக்குக் கட்டுப்பட்டது. சான்று வந்ததும் வீழ்ந்தது. கருப்பு மெய்யென்னும் ஊகம் கதைச் சான்றுக்கு முரணானது. ஆயினும் ஊரின் உடன்பாடு என்னும் விளக்கப்படாத பகுதியைச் சுட்டியதால் முற்றாக வீழவில்லை. கங்காவின் தமிழை வினவும் ஊகமே மூன்றனுள் சிறந்தது. அது பேயை நிறுவ முயன்று வரலாற்றைத் தொட்டுவிட்டது.

சாலைக்கு அண்மையிலேயே நடப்புப் புதிர் ஒன்றும் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் 2011இல் உச்சநீதிமன்ற ஆணையின்படி திறக்கப்பட்டபோது ‘பி’ அறை மட்டும் திறக்கப்படவில்லை. நாகபந்தம் என்றும் யட்சி என்றும் அதனைச் சுற்றி எழுந்த கதைகள் தொலைக்காட்சி நேரங்களைப் பல ஆண்டுகள் நிரப்பின. 2020 ஜூலைத் தீர்ப்பு, அறையைத் திறப்பது பற்றிய முடிவைக் கோயில் நிருவாகக் குழுவிடம் விட்டது. அக்கதைகளில் பெரும்பாலானவை நாகவல்லியின் பூட்டிலிருந்து கடன் பெற்றவை போன்றே ஒலிக்கின்றன. ஆனால் அவற்றுள் எதுவும் பூட்டிய கதவுக்குப் பின்னே யாருடைய மொழி இருக்கிறது என்று கேட்கவில்லை. பொன்னின் அளவையே கேட்டன.

கங்காவின் தமிழைப் பற்றிய ஐயத்துக்குக் கதைக்கு வெளியே ஒரு விடை உண்டு. படத்தில் அவ்வுடலுக்குக் குரல் கொடுத்தவர் இருவர். கங்காவின் மலையாளம் பாக்கியலட்சுமியுடையது. நாகவல்லியின் தமிழ், துர்கா என்னும் தமிழ்ப் பின்னணிக் குரற்கலைஞருடையது. இரண்டும் ஒரே மிடற்றிலிருந்து பிறந்தவை என்றே மக்கள் நெடுங்காலம் நம்பினர். பாராட்டு முழுதும் மலையாளக் குரலுக்கே சென்றது. படம் வெளிவந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 2016இல், பாசில் அதனைத் தெளிவுபடுத்தித் தமிழ்க்குரலுக்கு உரியவரின் பெயரை வெளியிட்டார்.